மீன் செதிலும் லூயி அகாசியும்

எங்கள் வீட்டில் மீன் ஆய்வது பாட்டியின் வேலை. ஞாயிறு காலையில் அப்பா கிள்ளான் பாசாரிலிருந்து சியாகாப்போ தீலாப்பியாவோ வாங்கி வந்தால், பாட்டி பின்கட்டுக் குழாயடியில் மணையைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். வால் பக்கமிருந்து தலைப் பக்கமாகக் கத்தியின் முதுகால் சுரண்டுவார். செதில்கள் தெறித்துச் சுவரில் ஒட்டும், அவர் முழங்கையில் ஒட்டும், சில சமயம் என் காலிலும் ஒட்டும். போன ஆண்டு வரைக்கும் மீன் செதில் என்றால் எனக்குக் குப்பைதான்.

கடந்த பருவத்தில் அந்தக் குப்பையில் ஒன்றை நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்க வேண்டி வந்தது. நான் பல்கலைக்கழகத்தில் உயிரியல் படிக்கிறேன். ஆய்வுக்கூட வகுப்பில் ஆளுக்கொரு தீலாப்பியா செதில் கொடுத்தார்கள். பக்கத்தில் இருந்த தோழியின் செதிலில் நடுவே ஒரு புள்ளியும், குளத்தில் கல் எறிந்ததுபோல் அதைச் சுற்றி நெருக்கமான வளையங்களும் தெரிந்தன. என் செதிலிலோ ஓரத்தில் மட்டும்தான் வளையங்கள். நடுவில் கோணல்மாணலாக ஒரு வெற்றிடம். கண்ணாடியைத் துடைத்தேன், வெளிச்சத்தைக் கூட்டினேன். வெற்றிடம் போகவில்லை. செதில் கெட்டுப்போயிருக்கிறது, வேறொன்று வேண்டும் என்று கேட்கப் போனேன். விரிவுரையாளர் ஒரு தடவை குனிந்து பார்த்துவிட்டு, அந்த வகுப்பிலேயே சுவாரசியமான செதில் என்னிடம்தான் இருக்கிறது என்றார். அந்த மீன் எப்போதோ அந்த இடத்தில் செதிலை இழந்திருக்கிறது. நான் பார்த்துக்கொண்டிருந்தது மறுபடியும் முளைத்த செதில்.

செதில், தோலுக்கு வெளியே பசை போட்டு ஒட்டியதுபோல் இருக்கும் பொருள் அல்ல. தோலின் உள்ளடுக்கில் ஒவ்வொரு செதிலுக்கும் ஒரு சிறு பை உண்டு. செதிலின் வேர்ப்பகுதி அதில் செருகியிருக்கும். மேலே மெல்லிய மேல்தோல் போர்த்தியிருக்கும். பாட்டி கத்தியால் சுரண்டும்போது அந்தத் தோலும் சேர்ந்துதான் போகிறது. தீலாப்பியா போன்ற மீன்களுக்குச் சிறு குஞ்சாக இருக்கும்போதே செதில்களின் எண்ணிக்கை ஏறக்குறைய முடிவாகிவிடும். மீன் வளர வளரப் புதுச் செதில்கள் சேர்வதில்லை. இருக்கும் செதில்களே பெரிதாகின்றன. பெரிதாகும்போது ஓரத்தில் வளையத்துக்கு மேல் வளையமாக வரி விழுகிறது. குளிர்நாடுகளில் குளிர்காலத்தில் மீனின் வளர்ச்சி மந்தமாவதால் அந்தக் கால வளையங்கள் நெருங்கி ஒரு பட்டைபோல் தெரியும். அந்தப் பட்டைகளை எண்ணி மீனின் வயதைக் கணிப்பார்கள். ஆண்டு முழுதும் வெயில் அடிக்கும் நம் நாட்டு மீன்களில் இது அவ்வளவு தெளிவாக வருவதில்லை.

செதில் பிடுங்கப்பட்டால், பையில் உள்ள உயிரணுக்கள் சில நாள்களிலேயே புதிய செதிலைக் கட்ட ஆரம்பித்துவிடுகின்றன. எலும்பைக் கட்டும் உயிரணுக்களைப் போன்றவை அவை. உடம்பில் ஓட்டை இருக்கும்போது நிதானமாக வரி போட்டுக்கொண்டிருக்க முடியுமா? அவசரமாக ஒரு தகட்டை வளர்த்து, சில வாரங்களில் இடத்தை மூடிவிடுகின்றன. அதனால்தான் நடுவில் வளையமே இல்லை. இழந்த அளவை எட்டிய பிறகு மீண்டும் பழைய வேகம், பழைய வளையம். மீனின் வயதைக் கணிக்கிறவர்கள் இத்தகைய செதில்களை ஒதுக்கிவிடுவார்கள். செதில் விழுவதற்கு முன்னான காலத்தைப் பற்றி அதில் எந்தக் குறிப்பும் இல்லை.

அன்று வெண்பலகையில் நான்கு பெயர்களும் எழுதப்பட்டிருந்தன. பிளகாய்டு, கானாய்டு, சைக்ளாய்டு, டீனாய்டு. முதலாவது சுறாவின் செதில். சுறாப் புட்டுக்கு மீன் வாங்கியவர்களுக்குத் தெரியும், அதன் தோலைத் தடவினால் உப்புத்தாள் மாதிரி இருக்கும். ஒவ்வொரு செதிலும் ஒரு குட்டிப் பல். நம் பல்லில் இருப்பது போன்ற டென்டின் அதன் உள்ளே இருக்கிறது. இரண்டாவது, அமெரிக்க ஆறுகளில் வாழும் கார் மீனுக்கு இருப்பதுபோல் சாய்சதுரமாய்ப் பளபளக்கும் தடித்த கவசம். மூன்றாவது ஓரம் வழவழப்பான வட்டச் செதில். கெண்டைக்கும் நம் ஊர்க் கெலா மீனுக்கும் இருப்பது. (கெலாவின் செதிலைப் பொரித்தே தின்பார்கள். பாட்டி இதை நம்ப மறுக்கிறார்.) நான்காவது, பின்னோரத்தில் சீப்பின் பற்கள்போல் நுண்ணிய முட்கள் உள்ள செதில். சியாகாப்பைத் தலைப் பக்கமாகத் தடவினால் கை சொரசொரப்பது அதனால்தான்.

இந்த நான்கு வகையை வைத்து உலகத்து மீன்களை எல்லாம் பிரித்துக் காட்டியவர் லூயி அகாசி. பெயர் தேர்வுக்கு வராது. ஆனால் அவருடைய வாழ்க்கையைத் தேடிப் படித்தபோது, நான் சனிக்கிழமைகளில் பாடம் சொல்லிக்கொடுக்கும் மாணவர்களுக்குச் சொல்ல இதைவிட நல்ல கதை கிடைக்காது என்று நினைத்தேன்.

கிள்ளானிலிருந்து ரயிலேறி கேஎல் சென்ட்ரலில் இறங்கி நடந்தால் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடி. அங்கே படிவம் நான்கு, ஐந்து மாணவர்கள் பன்னிரண்டு பேருக்கு நான் அக்கா. அவர்களுக்குச் சொன்ன கதை இதுதான்.

அகாசி 1807 மே 28 அன்று சுவிட்சர்லாந்தில் மொரா ஏரிக்கரையில் உள்ள மோத்தியே என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை பாதிரியார். அவருக்கு முன் பிறந்த நான்கு குழந்தைகளும் இறந்துபோயிருந்தன. வீட்டுக்குப் பின்னால் ஊற்றுநீர் நிரம்பும் கல்தொட்டி ஒன்று இருந்தது. சிறுவன் லூயியும் தம்பியும் ஏரியில் கையாலேயே மீன் பிடித்து வந்து அதில் விட்டு வளர்த்தார்கள். பையன் வளர்ந்ததும் பெற்றோர் மருத்துவம் படிக்கச் சொன்னார்கள். அவருக்கோ இயற்கையியலில் தம் காலத்தின் முதல் ஆளாக வர வேண்டும் என்று ஆசை. அதைத் தந்தைக்குக் கடிதமாகவே எழுதினார். (இந்த இடத்தில் என் வகுப்பில் பாதிப் பேர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நம் வீடுகளில் இந்தக் கடிதத்தை எழுதாமலே வைத்திருக்கிறவர்கள் அதிகம்.) கடைசியில் இரண்டையும் செய்தார். 1829-இல் தத்துவ முனைவர் பட்டம், 1830-இல் மருத்துவப் பட்டம்.

அதே 1829-இல் அவருடைய முதல் பெரிய நூலும் வந்தது. பிரேசிலுக்குப் போன ஸ்பிக்ஸ், மார்தியுஸ் என்ற இரு ஆய்வாளர்கள் அங்கிருந்து மீன்களைக் கொண்டுவந்திருந்தார்கள். ஸ்பிக்ஸ் 1826-இல் இறந்துவிட, அந்த மீன்களை விவரிக்கும் வேலையை மார்தியுஸ் மாணவரான அகாசியிடம் கொடுத்தார். பிரேசிலைப் பார்த்திராத, 22 வயதுகூட நிரம்பியிராத மாணவர் பிரேசில் மீன்களைப் பற்றிப் புத்தகம் எழுதினார். அதை அக்காலத்தின் மிகப் பெரிய உடற்கூற்றியல் அறிஞரான பாரிஸ் குவியேவுக்குக் காணிக்கையாக்கினார். பின்னர் பாரிசுக்கே போனார். குவியே, தாம் தொல்மீன்களைப் பற்றி எழுதுவதற்காகச் சேர்த்து வைத்திருந்த குறிப்புகளையும் படங்களையும் அந்த இளைஞரிடமே ஒப்படைத்தார். 1832-இல் குவியே இறந்தார். கையில் காசில்லாமல் பாரிசில் தவித்த அகாசிக்கு அலெக்சாண்டர் ஃபொன் ஹும்போல்ட் 1,000 பிராங்க் அனுப்பினார்; நெஷாத்தெல் நகரில் வேலை கிடைக்கவும் உதவினார்.

அகாசி ஏன் செதிலைப் பிடித்துக்கொண்டார் என்பதற்கு நடைமுறைக் காரணம் உண்டு. மீன் இறந்து சேற்றில் புதைந்து கல்லாகும்போது குடல், இதயம், மூளை எதுவும் மிஞ்சாது. எலும்புகளும் பெரும்பாலும் சிதறிப்போகும். மிஞ்சுவது பல்லும் செதிலும்தான். ஒரு கல்லில் கையளவு செதில்கள் மட்டுமே ஒட்டியிருந்தாலும், அவை எந்தக் கூட்டத்து மீனுடையவை என்று சொல்லக்கூடிய முறை அவருக்குத் தேவைப்பட்டது. 1833 முதல் 1843 வரை ஐந்து தொகுதிகளாக வந்த தொல்மீன் ஆய்வு நூலில் 1,700-க்கும் மேற்பட்ட இனங்களை வகைப்படுத்தினார். மீன்களின் நான்கு வரிசைகளும் செதிலின் பெயரையே தாங்கின. படங்களை வரைந்தவர் யோசேஃப் டிங்கெல் என்ற ஓவியர். அகாசியின் முதல் மனைவி செசீல் பிரவுனும் வரைந்தார்.

இந்த வேலைக்காக ஐரோப்பாவின் அருங்காட்சியகங்களையும் தனியார் பெட்டிகளையும் தேடி அலைந்தார். 1834-இல் இங்கிலாந்தின் லைம் ரீஜிஸ் கடற்கரையில் மேரி ஆனிங், எலிசபெத் ஃபில்பாட் என்ற இரு பெண்களைச் சந்தித்தார். பாறைகளில் தொல்லுயிர் தேடி எடுப்பதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை; ஆனால் பெண்கள் என்பதால் அறிவியல் சங்கங்கள் அவர்களைச் சேர்க்கவில்லை. அகாசி அவர்களிடம் கற்றுக்கொண்டார். தாம் விவரித்த தொல்மீன்களில் சிலவற்றுக்கு அவர்களுடைய பெயரையும் சூட்டினார்.

மீனோடு நிற்கவில்லை. ஒரு காலத்தில் ஐரோப்பாவின் பெரும்பகுதியைப் பனிப்பாறை மூடியிருந்தது என்று 1837-இல் அறிவித்தார். ஆல்ப்ஸ் மலையில் பனியாற்றின் மீதே ஒரு கற்குடிலை அமைத்துத் தங்கி அளவெடுத்து, 1840-இல் நூலாக எழுதினார். பனியுகம் என்ற கருத்து உலகத்துக்குப் பரவியதில் அவருடைய பங்கு பெரிது.

என் மாணவர்களுக்கு மிகவும் பிடித்தது இதற்குப் பிறகு நடந்தது. 1846-இல் அமெரிக்கா சென்ற அகாசி, அடுத்த ஆண்டு ஹார்வர்டில் பேராசிரியரானார். அவரிடம் சாமுவேல் ஸ்கடர் என்ற மாணவர் பூச்சியியல் படிக்க வந்தார். அகாசி சாராயச் சாடியிலிருந்து ஹீமுலான் என்ற மீனை எடுத்துக் கையில் கொடுத்து, இதைப் பார் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மலாயில் கெரூட்-கெரூட் என்கிறோமே, அந்தக் குடும்பத்து மீன். பத்து நிமிடத்தில் ஸ்கடருக்கு எல்லாம் பார்த்து முடிந்தாயிற்று. பேராசிரியர் வரவில்லை. லென்சு கூடாது, வேறு கருவியும் கூடாது. மீனைத் திருப்பிப் பார்த்தார், வாய்க்குள் விரலை விட்டுப் பற்களைத் தடவினார், செதில்களை வரிசை வரிசையாக எண்ணினார். வேறு வழியில்லாமல் வரையத் தொடங்கியபோதுதான் அதுவரை கண்ணில் படாதவை தெரிய ஆரம்பித்தன. மணிக்கணக்கில் கழித்துத் திரும்பி வந்த அகாசி, கண்ணெதிரே இருக்கும் முக்கியமான ஒன்றை இன்னும் கவனிக்கவில்லை என்று சொல்லி மறுபடியும் பார்க்கச் சொன்னார். இரவெல்லாம் யோசித்த ஸ்கடர், மறுநாள் காலையில்தான் அது மீனின் இரு பக்கமும் ஒத்திருப்பது என்று கண்டு சொன்னார். அடுத்து என்ன செய்யட்டும் என்று கேட்டதற்கும் அதே பதில், மீனைப் பார். மூன்று நாள் அந்த ஒரே மீன். பின்னாளில் வண்ணத்துப்பூச்சிகளிலும் தொல்பூச்சிகளிலும் பெரிய அறிஞரான ஸ்கடர், தாம் கற்ற பாடங்களிலேயே சிறந்தது அதுதான் என்று எண்ணினார்.

அன்று ஆளுக்கொரு கெம்போங் மீன் படத்தைக் கொடுத்து இருபது நிமிடம் பேசாமல் பார்க்கச் சொன்னேன். பெருமையாக இருந்தது. இடைவேளையில் முன்வரிசை மாணவன் ஒருவன் கைப்பேசியோடு வந்தான். அகாசியின் பெயரைத் தேடியிருக்கிறான். நாம் எல்லாரும் அவர் முன்னால் போய் நின்றிருந்தால், அக்கா, நம்மை எந்த வரிசையில் வைத்திருப்பார் என்று கேட்டான். கிண்டலாகக் கேட்கவில்லை. அவன் கொஞ்சம் கறுப்பு. பள்ளியில் அதற்கென்று ஒரு பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். என்னிடம் பதில் இல்லை. அகாசியின் வாழ்க்கையில் செதிலும் பனியும் இருந்த பாதியை மட்டும்தான் படித்திருந்தேன். மீதியைக் கிள்ளானுக்குத் திரும்பும் ரயிலில் படித்தேன்.

1846-இல் அமெரிக்காவுக்கு வந்த சில வாரங்களிலேயே அகாசி பிலடெல்ஃபியாவுக்குச் சென்றார். அங்கே சாமுவேல் மார்ட்டன் என்பவர் மனித மண்டையோடுகளை நூற்றுக்கணக்கில் சேகரித்து, அளந்து, இனங்களுக்குப் படிநிலை வகுத்துக்கொண்டிருந்தார். அகாசி அதைக் கண்டு வியந்தார். அதே நகரில் அவர் தங்கிய விடுதியில் உணவு பரிமாறியவர்கள் கறுப்பின மக்கள். அவர்களைப் பார்த்துத் தமக்கு ஏற்பட்ட அருவருப்பைத் தாய்க்கு எழுதிய கடிதத்தில் விவரித்தார். அதன்பின் மனித இனங்கள் தனித்தனியாகப் படைக்கப்பட்டவை, ஒன்றுக்கொன்று இணையானவை அல்ல என்று பேசவும் எழுதவும் தொடங்கினார்.

1850 மார்ச்சில் தென் கரோலினா மாநிலத்தின் கொலம்பியா நகருக்குப் போனார். அந்த வட்டாரத் தோட்டங்களில் அடிமைகளாக இருந்தவர்களை அழைத்துவரச் செய்து பார்வையிட்டார். பின்னர் அவருக்காக ஜோசஃப் சீலி என்ற புகைப்படக்காரர், வெள்ளி பூசிய செப்புத் தகடுகளில் ஏழு பேரைப் படமெடுத்தார். ஐந்து ஆண்கள், இரண்டு பெண்கள். ரென்டி, அவர் மகள் டெலியா, ஜாக், அவர் மகள் டிரானா, ஆல்ஃபிரட், ஃபசேனா, ஜெம். ஆடைகளைக் களையவைத்து எடுத்த படங்கள். சிலவற்றில் முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம் என்று மீன் மாதிரியைத் திருப்பி வரைவதுபோல் எடுத்திருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் சீட்டு உண்டு. பெயர், ஆப்பிரிக்காவில் எந்தக் கூட்டம், எந்த முதலாளியின் தோட்டம்.

தோட்டம் என்ற சொல்லில் நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். எங்கள் பாட்டி காலத்து ஆள்கள் யாரைப் புதிதாகப் பார்த்தாலும் முதலில் கேட்பது, எந்தத் தோட்டம் என்றுதான். எங்கள் குடும்பமும் ரப்பர்த் தோட்டத்திலிருந்து கிள்ளானுக்கு வந்ததுதான். அது அடிமைத்தனம் அல்ல, இரண்டும் ஒன்றென்று சொல்ல மாட்டேன். ஆனாலும் ஒரு மனிதரின் பெயருக்குப் பக்கத்தில் தோட்டத்தின் பெயரை எழுதி வைக்கும் பழக்கம் எனக்கு அந்நியமாகப் படவில்லை.

அந்த மாணவனின் கேள்விக்கு நேரடியான பதிலே கிடைத்தது. 1854-இல், மனித இனங்கள் வெவ்வேறு மூலங்களிலிருந்து வந்தவை என்று வாதிட்ட ஒரு பெரிய நூலுக்கு அகாசி கட்டுரை எழுதிக் கொடுத்தார். அதில் உலகத்தை எட்டு விலங்கு மண்டலங்களாகப் பிரித்தார். ஒவ்வொரு மண்டலத்துக்கும் அதற்கே உரிய விலங்குகள், அதற்கே உரிய மனித வகை. கூடவே ஒரு பட அட்டவணை. ஒவ்வொரு பத்தியிலும் மேலே ஒரு மனிதத் தலை, அடுத்து மண்டையோடு, கீழே விலங்குகள். எட்டில் ஒன்றின் பெயர் மலாய் மண்டலம். நாம் இருக்கும் இந்த நிலமும் அந்தத் தாளில் ஒரு பத்தி.

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1863-இல், விடுதலை பெறப்போகும் கறுப்பின மக்களைப் பற்றி ஆராய்ந்த குழுவைச் சேர்ந்த ஒருவர் அகாசியின் கருத்தைக் கேட்டார். அடிமை முறையை அகாசி ஆதரிக்கவில்லை. ஆனால் சமூகத்தில் சமத்துவம் தருவதற்கு எதிராகவும், இனங்கள் கலந்து மணம் செய்வதற்கு எதிராகவும் நீண்ட கடிதங்கள் எழுதினார். அவர் அறியாத மனிதர் அல்லர். ஹார்வர்டின் புகழ்பெற்ற பேராசிரியர் என்பதால், அவர் சொல்லை அறிவியலின் சொல்லாகவே மக்கள் எடுத்துக்கொண்டார்கள்.

இத்தனைக்கும் அவர் காலத்திலேயே செதில் வகைப்பாடு ஆட்டம் காணத் தொடங்கியிருந்தது. இதைத்தான் நான் மாணவர்களுக்கு முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். 1844-இல் ஜெர்மானிய அறிஞர் யோகன்னஸ் முல்லர், இதயத்தின் வால்வு போன்ற உள்ளுறுப்புகளைப் பார்த்து, அகாசி ஒரே வரிசையில் வைத்த பல மீன்கள் உறவே இல்லாதவை என்று காட்டினார். நாக்கு மீனைப் போன்ற தட்டை மீன்கள் சிலவற்றில் கண்ணிருக்கும் பக்கத்துச் செதில் முள்ளோடும், தரையில் படியும் பக்கத்துச் செதில் வழவழப்பாகவும் இருக்கும். சிலவற்றில் ஆணுக்கு ஒரு வகை, பெண்ணுக்கு மற்றொரு வகை. அகாசியின் கணக்குப்படி பார்த்தால் அந்த மீன்களில் கணவன் ஒரு வரிசை, மனைவி வேறொரு வரிசை! இன்றைக்கு மீன்களின் உறவுமுறையைச் செதிலை மட்டும் வைத்து யாரும் தீர்மானிப்பதில்லை. பெயர்கள் மட்டும் நின்றுவிட்டன, செதிலின் வடிவத்தைச் சொல்ல.

அடையாளத்துக்குச் செதில் உதவாது என்று அர்த்தமில்லை. சென்னை மாகாணத்தில் மருத்துவராக இருந்த ஃபிரான்சிஸ் டே, 1870-களில் வெளியிட்ட இந்திய மீன்கள் நூலில் மீனின் பக்கவாட்டுக் கோட்டில் உள்ள செதில்களின் எண்ணிக்கையையும் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் மீனவர்கள் வழங்கும் பெயர்களையும் கொடுத்தார். இன்றும் மீனைப் பெயர் கண்டுபிடிக்கச் செதிலை எண்ணுகிறோம். இது எந்த மீன் என்று கண்டுகொள்வது ஒன்று. இது யாருக்கு உறவு, எங்கிருந்து வந்தது என்று தீர்ப்பது வேறொன்று. வெளித்தோலை வைத்து இரண்டாவதைத் தீர்க்க முயன்றதுதான் மீன்களிடம் அகாசி செய்த பிழை. மனிதர்களிடம் அதையே செய்தபோது அது பிழையோடு நிற்கவில்லை.

விசித்திரம் என்னவென்றால், உறவுக்கான சான்று அவர் கையிலேயே இருந்தது. பழைய பாறைகளில் உள்ள மீன்களின் வால் மேல்மடல் நீண்டு சமச்சீரற்று இருக்கும். இன்றைய எலும்பு மீன்களின் கருவிலும் வால் முதலில் அப்படித்தான் தோன்றிப் பிறகு மாறுகிறது. இந்த ஒற்றுமையைக் கவனித்து எழுதியவர்களில் அகாசியும் ஒருவர். 1859-இல் டார்வினின் நூல் வந்தபோது அது பொது மூதாதைக்குச் சான்றாகிவிட்டது. அகாசி மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை, கடைசிவரை. அதே ஆண்டு அவர் ஹார்வர்டில் நிறுவிய விலங்கியல் அருங்காட்சியகத்தில் வளர்ந்த மாணவர்கள்கூட ஒவ்வொருவராகப் பரிணாமத்தின் பக்கம் போனார்கள். பார்க்கச் சொல்லிக் கொடுத்திருந்தார் அல்லவா, பார்த்தார்கள்.

கடைசிக் கோடையில், 1873-இல், பெனிகீஸ் என்ற சிறு தீவில் ஆசிரியர்களுக்காகக் கடலோரப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். பெண்களையும் சேர்த்துக்கொண்டார். புத்தகத்தை மூடிவைத்து உயிரியைக் கையிலெடுத்துப் படிக்கும் முறை அங்கிருந்து பல பள்ளிகளுக்குப் போனது. 1873 டிசம்பர் 14 அன்று இறந்தார். ஆல்ப்ஸில் அவர் அளந்த பனியாற்றுப் பாறை ஒன்றைக் கொண்டுவந்து கல்லறைக்கு வைத்தார்கள். முதல் மனைவி செசீல் 1848-இல் ஐரோப்பாவிலேயே காசநோயால் இறந்திருந்தார். இரண்டாவது மனைவி எலிசபெத், பின்னாளில் ராட்கிளிஃப் மகளிர் கல்லூரியின் முதல் தலைவரானார்.

அவர் பெயர் நெடுங்காலம் எங்கும் இருந்தது. 1906 சான் ஃபிரான்சிஸ்கோ நிலநடுக்கத்தில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த அவர் சிலை தலைகீழாக விழுந்து தோள்வரை தரையில் புதைந்து நின்றது. அந்தப் படம் இன்றும் பிரபலம். ஹார்வர்டு இருக்கும் கேம்பிரிட்ஜ் நகரில் அவர் பெயரில் ஒரு பள்ளி இருந்தது. அகாசியின் இனக் கருத்துகளைப் படித்த ஒரு பள்ளி மாணவர் கிளப்பிய கேள்வியால், 2002-இல் அதற்கு மரியா பால்டுவின் பெயரைச் சூட்டினார்கள். அவர் 1889-இல் அதே அகாசி பள்ளியின் தலைமையாசிரியரான கறுப்பினப் பெண்மணி. நெஷாத்தெலில் அகாசி பெயரில் இருந்த சதுக்கத்துக்கும் இப்போது வேறு பெயர். சீலி எடுத்த தகடுகள் மறக்கப்பட்டுக் கிடந்து, 1976-இல் ஹார்வர்டின் பீபாடி அருங்காட்சியகத்தின் மேல்மாடியில் கிடைத்தன. ரென்டி தம் கொள்ளுத் தாத்தா வழி மூதாதை என்று ஒரு பெண்மணி 2019-இல் வழக்குத் தொடுத்தார். ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு, 2025-இல் சமரசம் ஏற்பட்டு, ஹார்வர்டு அந்தப் படங்களை விட்டுக்கொடுக்க ஒப்புக்கொண்டது. தென் கரோலினாவில் உள்ள ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகம் ஒன்றுக்கு அவை போகின்றன.

அடுத்த சனிக்கிழமை இவ்வளவையும் வகுப்பில் சொன்னேன். போன வாரம் பாதிக் கதையைச் சொல்லிவிட்டேன் என்று ஒப்புக்கொள்வது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. அந்த மாணவன் எட்டுப் பத்தி அட்டவணையைக் கேட்டு வாங்கி, மலாய் என்ற பத்தியை நெடுநேரம் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு பெண், அப்படியானால் மீனைப் பார்க்கும் பயிற்சி இனிமேல் வேண்டாமா என்று கேட்டாள். வேண்டும் என்றேன். பாட்டி கழுவிக் கொடுத்த தீலாப்பியா செதில்கள் ஒரு டப்பா நிறைய என்னிடம் இருந்தன.

நீங்களும் செய்து பார்க்கலாம். செதிலை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, விரலால் தேய்த்து வழவழப்பைப் போக்குங்கள். இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே வைத்து அழுத்திக் காயவிடுங்கள், இல்லாவிட்டால் சுருண்டுவிடும். பள்ளி நுண்ணோக்கியின் மிகக் குறைந்த பெரிதாக்கமே போதும். கைப்பேசியில் மாட்டும் லென்சு இருந்தாலும் சரி. ஒரே மீனின் பத்துச் செதில்களையாவது பாருங்கள், ஒன்றோடு நிறுத்தினால் ஏமாறுவீர்கள். எங்கள் டப்பாவில் முப்பத்தாறு செதில்களைப் பார்த்தோம். ஐந்தில் நடு வெறுமையாக இருந்தது. மூன்றைக் கண்டுபிடித்தவன் அந்த முன்வரிசை மாணவன்.